எனக்காக நின்ற கடைசி பஸ்

மறுநாள் காலையில் தங்கைக்குக் கல்யாணம். டெல்லியில் நான் ஏறிய விமானமோ முன்சீட்டுச் சாப்பாட்டுப் பலகைகூடச் சரியாக மூடாத பழசு. அதுவும் கிளம்பவில்லை. வேறு விமானத்தில் வரும் ஒரு பயணிக்காகக் காத்திருக்கிறோம் என்றார்கள்.

"யாரோ ஒருத்தருக்காக எங்க எல்லாரையும் காக்க வைப்பீங்களா?" என்று நான்தான் முதலில் சத்தம் போட்டேன்.

வெகுநேரம் கழித்து, கைக்குழந்தையோடு ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சாரிங்க" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சென்னையில் இறங்கியதும் அப்பாவுக்குப் போன் செய்து, மலைமேல் இருக்கும் எங்கள் ஊர் ஜமுனாமரத்தூருக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியாது என்றேன். அடிவாரத்துப் போளூருக்கு வந்தபோது பஸ் கிளம்பும் நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. ஆனால் பஸ் அங்கேயே நின்றது. உள்ளே சந்தைக் கூடைகளோடு அத்தனை பேர்.

"உங்கப்பா போன் பண்ணாருபா. எல்லாரும் காத்திருக்கலாம்னு சொன்னாங்க" என்றார் கண்டக்டர்.

படியேறி எல்லாரையும் பார்த்தேன். "சாரிங்க" என்றேன்.

ஒரு அம்மா கூடையை மடியில் தூக்கி வைத்து இடம்விட்டார். "இன்னாத்துக்குப்பா சாரி? அண்ணங்காரன் இல்லாம தாலி ஏறுமா? வந்து உக்காரு."

மலை ஏறி முடியும் வரை விமானத்தில் வந்த அந்தக் கைக்குழந்தைக்காரியையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளையும் ஒரு வீட்டில் எதிர்பார்த்திருப்பார்கள். "வந்து உக்காருங்க" என்று நானும் சொல்லியிருக்கலாம்.