டயரியில் வைத்த புள்ளிகள்

1961 ஜூன் 14, புதன்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்து தேநீர் வைத்தேன். வேதாகமத்தில் மூன்று அதிகாரங்கள் வாசித்து, டயரியில் அவற்றின் எண்களுக்கு நேரே புள்ளி வைத்தேன். பிறகு காலை ஆளெடுப்பான பெரட்டுக்குப் போய், பதிவேட்டில் வேலைக்கு வந்த ஆட்களின் பெயர்களுக்கு நேரே புள்ளி வைத்தேன். இலங்கையில், தலவாக்கலைக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. மனைவி இறந்தபின் வந்த நான்கு ஆண்டுகளில் இந்த ஒழுங்கு ஒரு நாளும் தவறியதில்லை. வீட்டில் என்னோடு பேச வேறு ஆளும் இல்லை.

மாலையில் ராக்கம்மா மழையில் நனைந்தபடி வந்தாள். கொழுந்து பறிப்பவள், கணவன் இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பாதையில் மண் சரிந்ததால் உபதேசியார் அன்று ஜெபத்துக்கு வரவில்லை.

"ஐயா, வீடு வெறிச்சுன்னு இருக்குங்க. காலையில வேதத்துல படிச்சீங்கள்ல, அதுல ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

எனக்கு ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. டயரியைப் பிரித்தேன். அவளும் எட்டிப் பார்த்தாள்; எண்களும் புள்ளிகளும்தான் இருந்தன.

"என்னங்கய்யா, சாமிக்கும் பெரட்டா? வந்தாரா இல்லையான்னு மட்டும்தான் பாப்பீங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் ஒரு வார்த்தையும் பெறாமல் மழையில் இறங்கிப் போனாள். வெறிச்சோடிய வீடு எனக்கும் இருந்தது. எனக்கென்றுகூட ஒரு வார்த்தையை நான் வேதத்தில் தேடியதில்லை.

இப்போதெல்லாம் சில வசனங்களையே வாசிக்கிறேன், வாய்விட்டு, மெதுவாக.

அந்த மாற்றம் மறுநாள் காலையே தொடங்கியது. டயரியைத் தொடவில்லை. தனித்திருந்த ஒருவன் கடவுளைக் கூப்பிடும் சங்கீத வரி ஒன்றை நான்கு தரம் வாசித்தேன். பெரட்டுக்கு முன்பே தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் போய், ராக்கம்மாவின் வாசலில் நின்று, அதைப் புத்தகம் பாராமல் சொன்னேன்.