டவர் கிடைக்கிற பாறை

போன வாரம் ஒரு மத்தியானம் போன் அடித்தது. ஏதோ ஒரு பேங்கிலிருந்து ஒரு பெண். எனக்கு லோன் ரெடியாக இருக்கிறதாம், சம்மதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம்.

வேண்டாம் என்று சொல்லி வைத்துவிடுவதுதானே வழக்கம்? நான் வைக்கவில்லை. எந்த ஊரம்மா நீ என்று கேட்டேன். திண்டிவனம் பக்கம் என்றாள். அங்கே இப்போது மல்லாட்டை விதைத்திருப்பார்களே, கடலைக்கு மழை உண்டா என்று விசாரித்தேன். உங்களுக்கு நிலம் இருக்கிறதா, கிணறா, போரா, அப்பா என்ன பயிர் வைக்கிறார்... கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் "ஓகே மேடம், தேங்க்யூ மேடம்" என்று அவசர அவசரமாக வைத்துவிட்டாள். லோன் விற்கிறவளே விட்டால் போதும் என்று ஓடிய வீடு நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருக்கும்.

சிரிக்கிறீர்களா? நானும் சிரித்தேன். ஆனால் போனைக் கீழே வைத்த பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருந்தது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் வேளாண்மைத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசிப் பல வருஷங்கள் கல்வராயன் மலையில் வேலை. வாரம் முழுக்க மலை, சனி ஞாயிறு நெய்வேலி. கணவர் இங்கே மைன்ஸில் பர்மனென்ட், இன்னும் சர்வீஸ் இருக்கிறது. மகள் சென்னையில்.

ஷிஃப்ட் வேலைக்காரர் வீடு எப்படி இருக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் பகலில் தூங்குவார். குக்கர் விசிலுக்குக்கூட பயப்பட வேண்டும். டி.வி.யில் வாய் மட்டும்தான் அசையும். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்கள் ரிடையர் ஆகி திருநெல்வேலிக்கே போய்விட்டார்கள். அந்த வீட்டில் இன்னும் யாரும் குடிவரவில்லை. ஆக, பேச்சுத்துணைக்கு எனக்கு இருந்தது மலை ஒன்றுதான்.

மலையா என்கிறீர்களா? ஆமாம். ரிடையர் ஆன பிறகும் மலை என்னை விடவில்லை. தினமும் சாயங்காலம் போன் வரும்.

மலையில் எனக்கு நெருக்கமான அந்த ஒரு ஊரில் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. ஊருக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அதில் ஏறினால்தான் டவர் கிடைக்கும். ஆட்டை ஓட்டிக்கொண்டு திரும்புகிற நேரத்தில் நாலு பேர் ஏறுவார்கள். ஒருவர் போன் போடுவார், மற்றவர்கள் வரிசையாக வாங்கிப் பேசுவார்கள். மரவள்ளியில் மாவுப்பூச்சி, சாமையில் கதிர் பிடிக்கவில்லை, வியாபாரி மிளகுக்கு என்ன விலை சொல்கிறான்... நான் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து, தூங்குகிறவரை எழுப்பிவிடாமல், தணிந்த குரலில் பதில் சொல்வேன். காற்றுச் சத்தத்துக்கு நடுவே ஆடு கத்துவது கேட்கும்.

அலமேலு என்று ஒருத்தி. புருஷன் கேரளாவுக்கு எஸ்டேட் வேலைக்குப் போய்விட, மலையில் தனியாக விவசாயம் பார்க்கிறவள். அவள் பேசாத நாள் கிடையாது. கேட்க ஒன்றும் இல்லாவிட்டாலும் என்ன குழம்பு என்றாவது கேட்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிவேதா வந்தாள். என் இடத்துக்கு வந்திருக்கிற புது அதிகாரி. சின்ன வயது. இங்கே பக்கத்தில் மந்தாரக்குப்பத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்தவள், என்னையும் பார்க்க வந்திருந்தாள். ஒரு பையில் சாமை அரிசி. உட்கார்ந்தாள், காபி குடித்தாள், டம்ளரைக் கீழே வைக்காமல் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

மிளகுக் கன்றுக்கு மானியம் வந்திருக்கிறதாம். விவசாயிகள் நேரில் வந்து பதிவு செய்ய வேண்டும். கூட்டம் போட்டால், "ஆப்பீசரம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கினு வரோம்" என்று போய்விடுகிறார்களாம். ஆப்பீசரம்மா என்றால் அவள் இல்லை. நான்! என்னைக் கேட்டுவிட்டு வருவதற்குள் ஒரு தடவை கடைசித் தேதியே போய்விட்டதாம். மேலே கேட்டுத் தேதியை நீட்டி வாங்கியிருக்கிறாள். இந்தத் தடவையும் விட்டால், அந்த ஊருக்குக் கன்று இல்லை.

மிளகு வைக்கலாமா என்று பாறையிலிருந்து கேட்டார்கள்தான், மழை பார்த்து வைக்கலாம் என்றேன். மானியம் வந்த விஷயமே எனக்குத் தெரியாது. யார் எனக்குச் சொல்லப் போகிறார்கள்? நான்தான் ரிடையர் ஆகிவிட்டேனே.

"உங்க மேல தப்புன்னு சொல்ல வரல மேடம்" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "மலையில யாருமே என்கூடப் பேச மாட்டேங்கறாங்க. ரூமுக்கு வந்தா சுவத்தத்தான் பாத்துக்கினு உக்காந்திருக்கேன்."

அந்தச் சுவர் எனக்குத் தெரியும். முதல் வருஷம் நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜீப்பை விட்டு இறங்கினால் ஆட்கள் கும்பிடுவார்கள், நகர்ந்துவிடுவார்கள். ராத்திரி சோறு வடிக்கும்போது எனக்கு நானே சத்தமாகப் பேசிக்கொள்வேன்.

அந்தப் பெண்ணுக்கு அந்தச் சுவரைக் கொடுத்துக்கொண்டிருப்பது என் போன்தான். அதை நிறுத்தினால் சுவர் என் வீட்டுக்கு வரும். வேறு என்ன வழி? நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் சாயங்காலம் அலமேலு கூப்பிட்டாள். மரவள்ளி நுனியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதாம், என்ன அடிப்பது என்றாள். பதில் என் நாக்கு நுனியில் நின்றது. முழுங்கிவிட்டு, நிவேதா மேடத்தைக் கேள் என்றேன்.

"ஏம்மா, ஒடம்பு சரியில்லீங்களா?"

நான் ரிடையர் ஆகிவிட்டேன் இல்லையா என்றேன்.

"அது தெரியுமே. அதுக்கென்னா இப்ப?"

நெய்வேலியில் உட்கார்ந்துகொண்டு உன் இலையைப் பார்க்க முடியாது, அந்தப் பெண் வந்து பார்ப்பாள், மானியம் வந்திருக்கிறது, எல்லோரும் உடனே போய்ப் பேர் கொடுங்கள் என்றேன். பாறையில் இருந்த மற்றவர்களிடமும் அதையே சொன்னேன். நிவேதாவின் நம்பரையும் கொடுத்தேன். அலமேலு திரும்பப் போனை வாங்கினாள். கோபமா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

அந்த வாரம் சிலர் கூப்பிட்டார்கள். எல்லோரையும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். அடுத்த வாரம் ஒன்றிரண்டு. அப்புறம் நின்றுவிட்டது.

நிவேதா ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். கன்றுகளை வைத்துக்கொண்டு ஊரே நிற்கிறது. நடுவில் அவள், தோளில் கை போட்டபடி அலமேலு. "ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்று எழுதியிருந்தாள். எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் சந்தோஷம் சாயங்காலம் போன் போட்டு என்ன குழம்பு என்று கேட்காது இல்லையா?

கணவரிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு, இனிமேலாச்சும் நிம்மதியா இரு" என்றவர், திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்கும் நைட் ஷிஃப்ட்.

ரிடையர்மென்ட் என்றால் வேலை போவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். வேலை போனால் போகட்டும். நம்மிடம் ஒன்றைக் கேட்க ஆள் இல்லாமல் போகிறதே, அதற்கு மாலை மரியாதை எல்லாம் கிடையாது. அது பாட்டுக்கு ஒரு நாள் நடந்துவிடுகிறது. லோன்காரப் பெண்ணிடம் நான் மழை விசாரித்தது இதனால்தான்.

நேற்று பொறுக்க முடியவில்லை. பாறையில் ஆள் இருக்கிற நேரம் பார்த்து நானே அலமேலுவுக்குப் போன் போட்டேன். எடுத்தாள். குரலில் அத்தனை சந்தோஷம். பின்னால் சிரிப்புச் சத்தம். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், மழை உண்டா, உண்டு... அவ்வளவுதான், தீர்ந்துவிட்டது. வைத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. எங்கள் பின்கட்டுப் பலாமரத்தில் ஒரு மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறேன். அதில் இலை மஞ்சளாகிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மஞ்சளானது உண்மைதான். அடியில் நாலைந்து இலை. எந்தக் கொடியிலும் இருக்கும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அந்த மலையில் வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் நான்.

அலமேலு கொஞ்சம் யோசித்தாள்.

"நான் ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லிட்டா தப்பாப் பூடும்மா. புது ஆப்பீசரம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்குங்க. நல்லா சொல்றாங்க. நம்பர் தரட்டுங்களா?"

தா என்றேன். ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

காற்றில் சரியாகக் கேட்கவில்லை, முதலிலிருந்து சொல் என்றேன்.

நன்றாகத்தான் கேட்டது.