நான் மறைத்து வைத்த பிரிண்ட்

நீலகிரியில் கட்டபெட்டு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. கூட இருக்கும் செல்வியக்கா, தொழிலாளர் விவரமும் வேலைச் சான்றும் இருக்கும் எக்செல் ஃபைலில் அடிக்கடி எதையாவது அழித்துவிடுவார். அந்த எரிச்சலில் மேக்ரோ என்ற குட்டி புரோகிராம் ஒன்றை எழுதி மெனு, ரைட் கிளிக், ஷார்ட்கட் எல்லாவற்றையும் மறைத்தேன். திரையில் மிஞ்சியது 'பதிவு செய்' என்ற ஒரே பட்டன். எனக்கு ஒரே பெருமை.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு பஸ்ஸில் போகும்போது அக்கா போனில் கூப்பிட்டார்.

"தம்பி, கொழுந்தெடுக்கிற சரோஜா வந்திருக்குதுங்க. மகளைக் காலேஜ்ல சேர்க்க வேலைச் சான்று வேணுமாம், இன்னைக்குத்தான் கடைசி நாளாம். பிரிண்ட் எங்கீங்க?"

எங்குமே இல்லை; மெனுவோடு அதையும் மறைத்திருந்தேன். நான் எதைச் சொன்னாலும், "அது இங்க காணோமுங்களே" என்றார். திறக்க ஒரு வழிகூட நான் விட்டுவைக்கவில்லை. "பஸ்ஸு போயிருமுங்க அக்கா," என்று பின்னால் சரோஜாவின் குரல் கேட்டது. என் பஸ் ஒரு வளைவில் திரும்ப, சிக்னல் போய்விட்டது.

சரோஜா வெறுங்கையோடுதான் போனாராம். மறுநாள் அக்கா, "நான்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டனுங்க தம்பி," என்றார்.

மெனுக்களைத் திருப்பி வைத்துவிட்டேன். ஆனால் இப்போதும் எதை அமுக்கும் முன்பும் அக்கா என் முகத்தைப் பார்க்கிறார். தப்பு என்னுடையது என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.