கமலா வீட்டு வாசலில் நாற்பது நிமிஷம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் புகாரைக் கொடுத்த பாவி நான்தான்.

நாய் என்பதற்காகக் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு சேவல் இருந்திருந்தாலும் கொடுத்திருப்பேன். ராத்திரி முழுக்க ரயில் தடத்தைச் சோதித்துவிட்டுக் காலையில் வீட்டுக்கு வருகிறவன் நான். சிங்கப்பூரில் எங்கள் தோ பாயோ வட்டாரமே விழித்திருக்கும் நேரத்தில் நான் தூங்க வேண்டும். காலையில் ஒரு தூக்கம், சாயங்காலம் ஒரு தூக்கம் என்று இரண்டு தவணை. மேல் வீட்டில் தரைக்கல் உடைத்தபோது தூங்கியிருக்கிறேன். கீழே சீனர் வீட்டுச் சாவுக்கு மூன்று நாள் மேளம் அடித்தபோதும் தூங்கியிருக்கிறேன். ஆனால் இரண்டு வீடு தள்ளி கமலா வீட்டில் மணி குரைக்க ஆரம்பித்தால் இந்த ஜலாலுதீன் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

கமலா எனக்குத் தங்கை முறை. இருபது வருஷப் பழக்கம். அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன்.

சிராங்கூன் ரோட்டில் ஒரு புடவைக் கடையில் இருபத்தெட்டு வருஷமாக விற்பனைக்கு நிற்கிறாள். அவளிடம் புடவை வாங்காமல் வெளியே போனவர்கள் மிகக் குறைவு என்று கடைக்காரரே சொல்வார். அவள் பேச்சில் மயக்குகிறவள் இல்லை. ஆள் எழுந்து கதவுப் பக்கம் திரும்பும் வரை சும்மா இருப்பாள். அப்புறம்தான், "அக்கா, வாங்க வேணாம். இதை மட்டும் பாத்துட்டுப் போங்க" என்று ஒரு புடவையை உதறுவாள். கதவைத் தொட்ட கை இறங்கிவிடும். ஒரு முறை என் மனைவி சம்சுன்னிசா குடை இரவல் கேட்கப் போய் மூன்று புடவையோடு திரும்பி வந்தாள். குடையை மறந்துவிட்டாள்.

கமலாவின் கணவர் தவறி ஆறு வருஷம் ஆகிறது. மகள் ரோஷினிக்கு பெர்த்தில் வேலை கிடைத்தது. போகும்போது தன் நாயை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனாள். ஷெட்லண்ட் மேய்ப்பு நாய். நீண்ட மூக்கு, கழுத்தைச் சுற்றிப் பஞ்சுப் பொதி மாதிரி ரோமம், முழங்கால் உயரம்தான். அடுக்குமாடி வீட்டில் வளர்க்க அனுமதி உள்ள ஜாதி. லைசென்ஸில் அதன் பெயர் மேக்ஸிமஸ். கமலாவுக்கு அது வாயில் நுழையவில்லை. மணி என்று கூப்பிட்டாள். அதுவும் திரும்பிப் பார்த்துவிட்டது.

மணிக்கு ஆள் எண்ணிக்கை முக்கியம். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மூன்று சுற்று சுற்றி எல்லாரையும் சோபாவில் நெருக்கி உட்கார வைக்கும். அப்புறம் எல்லா முகமும் தெரிகிற இடம் பார்த்துப் படுத்துக்கொள்ளும். யாராவது கழிவறைக்குப் போனால் கூடவே போய் வெளியே காத்திருந்து திரும்பக் கூட்டிக்கொண்டு வரும். கமலாவின் அண்ணன் அழகப்பன், "என்னம்மா இது, நாயா? ஹாஸ்டல் வார்டனா?" என்று கேட்டார்.

இது வரைக்கும் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆனால் சில நேரங்களில் குரைக்க ஆரம்பிக்கும். ஊசியால் காதில் குத்துவது மாதிரி ஒரு கீச்சுக் குரல், மூச்சு விடாமல் அரை மணி, முக்கால் மணி. குரைக்கிற நாய் கடிக்காது என்று சொல்லி வைத்தவர் பகலில் தூங்கிப் பார்த்தவர் இல்லை.

நாலு மாதம் பொறுத்தேன். ஐந்தாவது மாதம் எழுதிப் போட்டேன்.

வீடமைப்பு அலுவலகத்திலிருந்து ரக்ஷனா என்று ஒரு இளம் அதிகாரி கமலாவைப் பார்க்க வந்தாள். மரியாதையாகத்தான் பேசினாளாம். ஒரு மாதம் அவகாசம். அதற்குள் குரைப்பது குறையாவிட்டால் மணிக்கு வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும். புகார் கொடுத்தவர் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தனியாக ஃபோன் செய்து, "அங்கிள், எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்னு எழுதி வைங்க" என்றாள். நானும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எழுத ஆரம்பித்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் சம்சு சாப்பாட்டு மேசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கமலா அழுவுறா, என்னங்க. வீட்டுக்கு வந்தா பேச ஒரு உசிரு இருக்குன்னு இருந்தா. அதையும் பிடுங்கப் பாக்குறானே எவனோ! அவன் நல்லா இருப்பானா?"

நான் மீன் முள்ளை ரொம்பக் கவனமாக எடுத்துக்கொண்டிருந்தேன். "யாருக்கு என்ன கஷ்டமோ" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

கமலா என்னென்னவோ செய்து பார்த்தாள். மணி குரைக்கும்போதெல்லாம் பிஸ்கட் கொடுத்தாள். குரைத்தால் பிஸ்கட் என்று அது புரிந்துகொண்டது. கடைசியில் ஆரிஃப் என்ற பயிற்சியாளரை வரவழைத்தாள். அவர் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இவன் சும்மா குரைக்கல லா. வேலை பாக்குறான். மந்தையை விட்டு ஆடு பிரிஞ்சா குரைச்சுத் திருப்பணும், அது இவன் ரத்தத்துல இருக்கு" என்றாராம்.

"தோ பாயோல ஏதுப்பா ஆடு?" என்று கேட்டிருக்கிறாள் கமலா.

இரண்டு வாரம் முடிந்ததும் நோட்டைப் புரட்டினேன். ஞாயிறு, சாயங்காலம் 5.05 முதல் 5.45. புதன், காலை 11.20 முதல் 12.00. அடுத்த ஞாயிறு, 5.10 முதல் 5.50. அடுத்த புதன், அதே 11.20. மற்ற நாட்களில் இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம், அவ்வளவுதான். என் வேலையில் ஒரு சத்தம் குறித்த நேரத்துக்கு வந்தால் காரணம் அந்த இடத்திலேயே இருக்கும். போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவது புதன்கிழமை பதினொன்றே காலுக்குக் கைலியை இறுக்கிக்கொண்டு, நோட்டோடு என் வீட்டுக் கதவை ஓரமாகத் திறந்து காரிடாரை எட்டிப் பார்த்தேன்.

கமலா வீட்டு வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

புதன் கமலாவுக்கு விடுமுறை. நான் தூங்கியதும் சம்சு அங்கே போய்விடுவாள் போலிருக்கிறது. அவள் வந்தால் கமலா மணியைச் சமையலறைத் தடுப்புக்குப் பின்னால் விட்டு வைப்பாள். அங்கிருந்து அதற்கு வாசல் தெரியும்.

"சரி கமலா, வரேன்" என்றாள் சம்சு. காலில் செருப்பை மாட்டினாள். மணி குரைக்க ஆரம்பித்தது.

"இருங்கக்கா, கருவேப்பிலை தரேன்" என்று கமலா உள்ளே ஓடினாள். சம்சு செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தாள். மணி நிறுத்தியது. கருவேப்பிலை வந்தது. "வரேன்." செருப்பு. குரைப்பு. நாலு எட்டு நடந்தாள். "ஐயோ, சொல்ல மறந்துட்டேனே!" என்று திரும்பினாள். அப்புறம்தான் உண்மையான பேச்சே ஆரம்பித்தது. உள்ளே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசியதெல்லாம் அதற்கு முன்னுரை. போன தடவை வாங்கிய டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள். வெறும் டப்பாவாகக் கொடுக்கலாமா என்று கமலா அதில் அதிரசம் வைத்து மறுபடி கொடுத்தாள். கதவுக் கம்பியை ஒருத்தி உள்ளேயிருந்தும் ஒருத்தி வெளியேயிருந்தும் பிடித்துக்கொண்டு, நாயின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திப் பேசினார்கள். பன்னிரண்டு மணிக்குள் என் மனைவி பதினேழு தடவை 'வரேன்' என்றாள். நான் கோடு போட்டு எண்ணினேன்.

பாவம் அந்த மணி! ஆடு மந்தைக்குள் இருக்கிறதா, பிரிந்து போகிறதா என்று நாற்பது நிமிஷமாக அதற்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அழகப்பன் குடும்பம் ஏழு பேர் வருவார்கள். ஏழு பேர் எத்தனை 'வரேன்' என்று கணக்குப் பார்க்கவே பயமாக இருந்தது.

மல்லாந்து படுத்துக்கொண்டு துப்பினால் தன் மார்பிலேதான் விழும் என்பார்கள். என் நோட்டைக் கொடுத்தால் குற்றவாளிப் பட்டியலில் முதல் பெயர் என் மனைவி. கொடுக்காவிட்டால் பத்து நாளில் மணி போய்விடும். கமலா வெறும் வீட்டைத் திறந்துகொண்டு உள்ளே போவாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன்.

"புகார் கொடுத்தது நான்தான், கமலா" என்றேன்.

சம்சு அதிரச டப்பாவைக் கீழே வைத்தாள். "நீங்களா?" என்றாள். அந்தப் புகாருக்காக இன்றைக்கும் எனக்கு அவ்வப்போது சாப்பாடு ஆறிப்போய் வருகிறது.

கமலா திட்டவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, அண்ணே" என்றாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

நோட்டை விரித்துக் காட்டினேன். இருவரும் தலையைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். "பதினேழு தடவையா? பொய்!" என்றாள் சம்சு. கமலா மட்டும் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு, "அப்ப என் புள்ள மேல தப்பே இல்ல" என்றாள்.

மணியைத் திருத்த முடியாது என்று ஆகிவிட்டது. மனுஷர்களைத் திருத்தும் வேலை மிச்சம். ஒரு தாளில் பெரிதாக எழுதி அவள் கதவின் உள்பக்கம் நானே ஒட்டினேன்: 'சொல்ல வேண்டியதை உட்கார்ந்து சொல்லவும். எழுந்தால் எல்லாரும் சேர்ந்து எழவும். வாசலில் பேச்சு இல்லை. திரும்பிப் பார்க்க வேண்டாம்.'

அழகப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "தங்கச்சி வீட்டுல வழியனுப்பக்கூட ஆள் இல்லையா? நாங்க என்ன கடன்காரங்களா, சொல்லாம ஓடுறதுக்கு?" என்று கத்தினார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரையும் நிற்க வைத்து ஒத்திகை பார்த்தோம். முதல் தடவை அவர் மனைவி லிஃப்டிலிருந்து கைப்பைக்காகத் திரும்பி வந்தாள். நாலாவது தடவை ஏழு பேரும் ஒரே கூட்டமாக, வாயை மூடிக்கொண்டு லிஃப்டுக்குள் போனார்கள். கமலா சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி இரண்டு தடவை 'வள்' என்றது. மந்தை மொத்தமாகப் போய்விட்டதைப் பார்த்தது. பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது.

மாதக் கடைசியில் ரக்ஷனா வந்தாள். என்னையும் சம்சுவையும் கமலா வீட்டுக்கே கூப்பிட்டு விசாரித்தாள். "இப்ப சத்தம் இல்லைம்மா" என்றேன். காகிதத்தில் ஏதோ எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்தாள். நாங்கள் உட்கார்ந்த இடத்திலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

ரக்ஷனா செருப்பை மாட்டினாள். மணி காதை நிமிர்த்தியது. அவள் திரும்பினாள்.

"அப்புறம் ஆன்ட்டி, நீங்க புடவைக் கடையிலதானே வேலை பாக்குறீங்க? எனக்கு ஜூன்ல நிச்சயதார்த்தம். என்ன கலர் எடுக்கலாம்?"

மணி 'வள்' என்றது. ரக்ஷனா அதைப் பார்த்தாள். கையில் அந்தக் காகிதம்.

கமலாவின் முகத்தை நான் பார்த்தேன். அவளது வலது கை தானாக எழுந்து, இல்லாத ஒரு புடவையை உதறப் போயிற்று. இருபத்தெட்டு வருஷப் பழக்கம். வாசலில் நிற்கும் கல்யாணப் பெண், அதுவும் தானாகக் கேட்கிறாள்! உதடு திறந்தது. மணி மறுபடி குரைத்தது. கமலா வலது கையை இடது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கடைக்கு வாம்மா" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டதும் அவளுக்கு வேர்த்து ஊற்றியிருந்தது. "நல்ல மயில்கழுத்துக் கலர் ஒண்ணு வந்திருக்கு, அண்ணே. அந்தப் பொண்ணு நிறத்துக்கு அப்படி எடுக்கும்" என்றாள். சம்சு அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். மணி தங்கிவிட்டது.

அதற்கப்புறம் எனக்கு நல்ல தூக்கம். டிசம்பரில் ரோஷினி பத்து நாள் விடுமுறைக்கு வந்தாள். பத்தும் ஓடிவிட்டன. அவள் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமை நான் படுத்திருந்தேன். மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. எந்தச் சத்தமும் இல்லை. அதனால்தான் விழித்தேன் என்று நினைக்கிறேன். எழுந்து கதவைத் திறந்தேன்.

ரோஷினி பெட்டியை இழுத்துக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. தாளில் அப்படித்தானே எழுதியிருந்தேன்! உள்ளே கமலா சோபாவில் உட்கார்ந்து அதன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் வாசலில் இருந்தது. மணி அவள் காலடியில் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தது. அந்தச் சட்டத்தை எழுதிய என் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

"ரோஷினி! நில்லு!" என்று கத்தினேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கே கேட்டிருக்கும். "அம்மாகிட்ட வந்து ஒழுங்கா சொல்லிட்டுப் போ. வாசல்ல நின்னு சொல்லு."

"அங்கிள், மணி குரைக்குமே..."

"குரைக்கட்டும்!"

அவள் பெட்டியை விட்டுவிட்டு ஓடி வந்தாள். கமலா வாசலுக்கு வந்தாள். "வரேம்மா" என்றாள் ரோஷினி. மணி ஆரம்பித்தது. "இரு, ஊறுகாய் வச்சியா?" என்றாள் கமலா. சம்சுவும் போய்ச் சேர்ந்துகொண்டாள். கதவுக் கம்பியை மூன்று பேரும் பிடித்துக்கொண்டார்கள். பெட்டி லிஃப்ட் பக்கத்தில் தனியாக நின்றது. டாக்ஸிக்காரர் இரண்டு தடவை ஃபோன் செய்தார்.

நாற்பது நிமிஷம். நான் தூங்கவில்லை. நோட்டில் எழுதவும் இல்லை.