ஒரு தீர்ப்புக்கு வாழ்க்கைப்பட்டவர்

என் அக்கா புருஷனுக்குத் தெருவில் 'ஸ்டே' என்று பெயர். பல்கலைக்கழகம் யாரை வேலைக்கு எடுத்தாலும் கோர்ட்டுக்குப் போய் ஒரு ஸ்டே வாங்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அதை வைத்து யாருக்காவது ஒரு மணி நேரம் பாடம் நடத்தியிருப்பாரா என்றால், கிடையாது. தனியார் கல்லூரிகள் கூப்பிட்டன. "அங்கல்லாம் போனா என் தரம் என்ன ஆகும்?" என்றார். தரம் வீட்டில் உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிட்டது.

சம்பாதித்தது அக்கா. ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். பகலெல்லாம் பள்ளி, சாயங்காலம் பல்கலைக்கழக ஆய்வகம் என்று நாயாய் அலைந்து, பகுதி நேரமாகவே டாக்டர் பட்டம் முடித்தாள். விரல் நுனி எப்போதும் கறுத்தே இருக்கும். பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலை கிடைத்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வேறு எதையும் இவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

வீட்டில் சாப்பாட்டு மேஜை என்று ஒன்று இருந்தது. சாப்பிடத்தான் முடியாது. மேலே கேஸ் கட்டு, கீழே கேஸ் கட்டு, நடுவில் பஞ்சிங் மெஷின். அக்கா சமையலறையில் நின்றபடியே நாலு வாய் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடுவாள். மாமா மட்டும் ஒரு கட்டைத் தள்ளிவிட்டுத் தட்டுக்கு இடம் பண்ணிக்கொள்வார்.

அந்தக் கட்டுகளிலேயே தடிமனானது ஒரு பாங்க் ஊழியர் மேல் போட்டது. பொருளாதாரத் துறையில் இருந்த ஒரே இடம் மாமாவுக்குக் கிடைக்காமல் அவருக்குப் போயிருந்தது. அவர் பாங்க்கில் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக டாக்டர் பட்டம் வாங்கியவர். மாமாவுக்கு வயிறு எரிந்தது. 'பகுதி நேரப் பட்டம் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தத் தகுதியே ஆகாது' என்று ஒரு புது விதியைக் காட்டி வழக்குப் போட்டார்.

"மாமா, அக்காவோடதும் பகுதி நேரம்தானே?" என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"அது வேற, இது வேற. உனக்குச் சட்டம் புரியாது, விடு" என்றார்.

வழக்கு வருடக்கணக்கில் இழுத்து, கடைசியில் மாமா ஜெயித்தார். பாங்க் ஊழியர் பிள்ளைகுட்டியோடு நடுத்தெருவில் நின்றார். அந்த இடத்துக்குப் புதிதாக ஆள் எடுக்கச் சொன்னது கோர்ட். அதற்குள் மாமாவுக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது. ஆக, அவருக்கும் நாமம். வெட்கப்பட வேண்டிய மனிதர், தீர்ப்பு சட்டப் பத்திரிகையில் அச்சானதும் நகல் எடுத்துக் கல்யாணப் பத்திரிகை மாதிரி சொந்தக்காரர் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தார். என் வீட்டுக்கு வந்ததை நான் அலமாரியில் விரித்து மேலே வெங்காயம் போட்டேன்.

சில மாதத்தில் அக்கா மேல் வழக்கு வந்தது. நேர்காணலில் அவளுக்கு அடுத்த இடத்தில் இருந்த ஒரு பெண் போட்டது. பெரிதாக ஒன்றும் எழுதவில்லை, மாமாவின் தீர்ப்பை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தாள். அக்காவின் வக்கீல் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "அது ஒத்தை ஜட்ஜ் குடுத்த தீர்ப்பு, ரெண்டு ஜட்ஜ் முன்னாடி போவோம்மா. உங்க வீட்டுக்காரர் வாங்கின தீர்ப்பு தப்புன்னு அவங்களை ஒத்துக்க வெச்சாத்தான் வேலை தங்கும்."

மாமா கொதித்துப்போனார். "என் ஜட்ஜ்மென்ட் தப்பா? யாரு சொல்றது?" அதோடு நிற்கவில்லை. அந்த வழக்கில் தன்னையும் ஒரு தரப்பாகச் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டார். பெண்டாட்டியின் வேலையைக் காப்பாற்ற இல்லை, தீர்ப்பைக் காப்பாற்ற. கேட்டதும் எனக்குக் கை பரபரத்தது. அக்கா தடுத்துவிட்டாள்.

விசாரணை அன்று நீதிபதிகள் அக்கா பக்கம் கொஞ்சம் சாய்வது எனக்கே தெரிந்தது. "அந்தத் தீர்ப்பு கொஞ்சம் கடுமையாத்தான் இருக்கு" என்றார் மூத்தவர். அக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்போது மாமா எழுந்தார். வக்கீல் இல்லாமல் தானே வாதாடினார். உள்ளதைச் சொன்னால், பிரமாதமாகப் பேசினார். சிக்கலானதை உடைத்து, பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி அடுக்கிக்கொண்டே போனார். இந்த வாயை வைத்துக்கொண்டு எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியிருக்கலாம்! கட்டினவளின் பிழைப்பில் மண்ணைப் போடுவதற்குத்தான் அது திறந்தது.

அக்காவின் நியமனம் ரத்தானது. மனைவி என்றும் பாராமல் சட்டத்தின் பக்கம் நின்றார் என்று நீதிபதி அவரை இரண்டு வார்த்தை பாராட்டவும் செய்தார்.

வெளியே படிக்கட்டில் மாமா எங்களைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் பல்.

"கேட்டியா, ஜட்ஜே பாராட்டிட்டாரு! நீ ஒண்ணும் கவலைப்படாத. மேல் கோர்ட்டுக்குப் போலாம், அப்பீலை நானே எழுதித் தர்றேன். நிச்சயம் ஜெயிக்கும். அந்தத் தீர்ப்புல ஒரு ஓட்டை இருக்கு. அந்த விதி வர்றதுக்கு முன்னாடியே ஆய்வுக்குப் பதிஞ்சவங்களுக்கு அது பொருந்தாதுன்னு ஒரு திருத்தத்துல ஒரு வரி வருது. எவன் கண்ணுலயும் படல."

அக்கா நின்றாள். "நானும் முன்னாடியே பதிஞ்சவதானே?"

"ஆமா. அந்த பாங்க்காரனும்தான்."

"உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

"கேஸ் போடறதுக்கு முன்னாடியே தெரியுமே!" என்றார், மெடல் வாங்கினவர் மாதிரி. "தெரியாமயா போடுவேன்?"

அக்கா என்னைப் பார்த்து, "உன் வீட்டுல எனக்கு ஒரு ரூம் இருக்குமாடா?" என்றாள்.

"வாக்கா" என்றேன்.

படியிறங்கி நடந்தோம். பின்னால் மாமா கத்துவது கேட்டது. "ஏய், தொண்ணூறு நாளுக்குள்ள போடணும்! அப்புறம் எடுத்துக்க மாட்டாங்க!"