கசியானோ வீட்டு வாசலுக்கு வந்த சக்காவு

கசியானோ என்ற பெயரைப் பெர்லீனா முதன்முதலில் கேட்டது, போன்பே தீவில் கிட்டி ஊர்த் தேவாலயத்துக்குப் பின்னால் சுட்ட ஈரப்பலாவை உரித்துக்கொண்டிருந்தபோது. அவளுக்கு அப்போது பதினான்கு வயது. சொன்னவள் பெரியம்மா, சிரிப்பை அடக்க முடியாமல்.

"லூயிசா மவன் கசியானோவுக்கு கொலோனியா டவுன் கோர்ட்டுல வேலையாம்டி. அமெரிக்க ஜட்ஜ் ஒரு வார்த்த சொன்னா, இவன் நம்ம பாஷையில அம்பது வார்த்த சொல்றானாம். ஜட்ஜு கைக்கடியாரத்தப் பாக்குறாராம்!"

அது உண்மைதான். சாட்சி சொல்ல ஊர்ப் பட்டம் பெற்ற ஒரு பெரியவர் வந்து நின்றால், "நேத்து எங்க சாப்ட்ட?" என்று அவரிடம் கேட்டுவிட முடியுமா? அவர் சாப்பிடுவதற்கு ஒரு சொல், உட்காருவதற்கு ஒரு சொல், நடந்து வருவதற்கு ஒரு சொல். அத்தனையும் வைத்துப் பணிந்து கேட்டால்தான் வாய் திறப்பார். கசியானோ அப்படிக் கேட்டான், பதில் வந்தது. மற்றவர்கள் மொழிபெயர்த்தபோது சாட்சிகள் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவன் 'அவர்' ஆனது மெல்ல மெல்லத்தான். கொஞ்ச காலம் வக்கீல்களுக்குத் துணையாக இருந்தார். பப்புவா நியூகினிக்குக் கப்பலேறிச் சட்டம் படித்தார். அமெரிக்கர்கள் ஆட்சியை விட்டுக்கொடுத்து, போன்பே மாநிலத்துக்கென்று உச்ச நீதிமன்றம் வந்தபோது, ஆளுநர் அவர் பெயரைச் சொன்னார், சட்டமன்றம் ஒத்துக்கொண்டது. பின்னால் தலைமை நீதிபதியும் ஆனார். அப்போதும் கிட்டியிலிருந்து அதே பழைய பிக்கப் வண்டிதான். வழியில் கை காட்டுகிறவர்களையெல்லாம் ஏற்றிக்கொள்வார். கோர்ட்டில் வழக்கு உள்ளவர்களை மட்டும் ஏற்றமாட்டார். "நீங்க நடந்தே வாங்க, ஒடம்புக்கு நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

பெர்லீனாவும் அப்படி ஒரு நாள் நடந்துதான் போனாள். அவளுடைய கடைசி மகன் கிமியோ, குடித்துவிட்டு, படகு எஞ்சின் தகராறில் இக்னாசியோ என்ற பையனைக் கல்லால் அடித்துத் தாடையை உடைத்திருந்தான். வழக்கு கசியானோவிடம் வந்தது. முதல் நாளே அவர் கோர்ட்டில் உரத்த குரலில் சொன்னார்: "என் மனைவியின் சித்தி மகளை எடுத்து வளர்த்தது இந்தப் பையனின் பெரியம்மா. அடிபட்டவனின் பாட்டி என் தகப்பனுக்குப் பங்காளி வீடு. யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

யாரும் ஆட்சேபிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு கிழவர் மட்டும் முணுமுணுத்தார். "சொந்தமில்லாத ஜட்ஜு வேணும்னா கப்பல்லதான் எறக்கணும்."

கிமியோ குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டனை இரண்டு வாரம் கழித்து. ஆறு வருஷம் ஆகலாம் என்றார் வக்கீல்.

பெர்லீனாவின் தம்பி சென்டாரோதான் வழி சொன்னான். "சக்காவு தூக்கிட்டு ஜட்ஜையா வீட்டுக்குப் போவோம்க்கா."

"கோர்ட்டுக் காரியத்துக்கு அப்படிப் போலாமாடா?"

"பெரிய மனுசங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வேற என்னத்தத் தூக்கிட்டுப் போறது? பிஸ்கட்டா?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மன்னிப்புக் கேட்டு வந்த சக்காவை இந்தத் தீவில் யாரும் திருப்பி அனுப்பியதில்லை. கொலை செய்தவன் வீட்டிலிருந்து வந்தாலும், அந்தச் செடியின் வேரை இடித்துப் பிழிந்து நீட்டிய முதல் கொட்டாங்கச்சியைக் குடித்தே ஆகவேண்டும். குடித்துவிட்டால் கோபம் முடிந்தது. அதை நம்பித்தான் ஒரு சனிக்கிழமை காலையில், வேரோடு பிடுங்கிய பெரிய செடியைக் கழியில் கட்டி நான்கு பேர் தூக்க, பெர்லீனா முன்னால் நடந்தாள்.

கசியானோ பன்றிப் பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். முழங்கால் வரை சேறு. செடியைப் பார்த்ததும் கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தார். அவர் மனைவி எட்டிப் பார்த்து, "வந்தவங்களுக்கு எளநி வெட்டட்டுமா?" என்றாள்.

"வேணாம். இவங்க வீடு மாறி வந்துட்டாங்க."

சென்டாரோ தலையைக் குனிந்தபடி சொன்னான். "இல்லீங்கய்யா, உங்க வீட்டுக்குத்தான் வந்தோம்."

"சென்டாரோ, என் தாடையப் பாரு. ஒடஞ்சிருக்கா?"

"இல்லீங்க."

"என்ன யாரும் அடிக்கல. எனக்கு யார்மேலயும் கோவமில்ல. கோவமே இல்லாதவன் இத எப்படிக் குடிப்பான்?"

அவர் பெர்லீனாவைப் பார்த்தார். "அம்மா, நீங்க வந்தத நான் திங்கக்கெழம கோர்ட்டுல சொல்லியாகணும். சொன்னப்புறம் இந்த வழக்கு என் கையில இருக்காது. வேற ஜட்ஜு பாப்பாரு."

அந்த வேறு ஜட்ஜ் இரக்கமே காட்டாதவர் என்று பெயர் எடுத்தவர். மகனைத் தன் கையாலேயே ஜெயிலில் தள்ளிவிட்டோமே என்று பெர்லீனா நினைத்தாள்.

சாலைக்கு வந்ததும் சென்டாரோ, "செடிய வீட்டுக்கே கொண்டுபோய் நட்டுருவோம்" என்றான்.

"அடிபட்டவன் வீடு அந்தப் பக்கம் இருக்கு. தூக்கு" என்றாள் பெர்லீனா.

"அங்கயா? லொரென்சோ நாய அவுத்துவிடுவான்!"

லொரென்சோ இக்னாசியோவின் தாய்மாமன், அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். எட்டு வருஷத்துக்கு முன், பெரிய கிழங்கு கொண்டுவருவதுதான் கௌரவம் என்றிருந்த ஒரு விருந்தில், லொரென்சோ கொண்டுவந்த கிழங்கைப் பார்த்து, "இது கெழங்கா, எலி வாலா?" என்று சென்டாரோ எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான். அதோடு பேச்சு நின்றது. அந்த வெட்கத்தில்தான், போகவேண்டிய வீட்டை விட்டுவிட்டு ஜட்ஜ் வீட்டுக்கு அக்காவை நடத்தியிருந்தான். அது பெர்லீனாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எலி வாலுன்னு சொன்ன வாயி உன்னோடது. எம் மவன் ஏன்டா அதுக்கு உள்ள கெடக்கணும்? தூக்கு!"

தூக்கினார்கள். நாய் குரைத்தது, யாரும் அவிழ்த்துவிடவில்லை. லொரென்சோ முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர்களே கல்லில் வேரை இடித்தார்கள், மரப்பட்டையில் வைத்து முறுக்கிப் பிழிந்தார்கள். சென்டாரோ கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கொட்டாங்கச்சியை நீட்டினான். லொரென்சோ வாங்கவில்லை. முதலில் மருமகனைப் பார்த்தார். இக்னாசியோ கட்டுப்போட்ட தாடையோடு மெல்லத் தலையை ஆட்டினான். அவனுடைய அம்மா அழுதாள்.

"சென்டாரோ, யார் கெழங்கு பெருசு?"

"உங்களதுங்க."

"அந்த நாய்க்குக் கேக்கல. சத்தமா."

"உங்களது பெருசுங்க!"

லொரென்சோ வாங்கிக் குடித்தார்.

திங்கட்கிழமை கசியானோ, சக்காவு தன் வாசலுக்கு வந்ததையும், இளநீர் வேண்டாம் என்று தான் சொன்னதையும்கூட விடாமல் கோர்ட்டில் சொல்லிவிட்டு, வழக்கிலிருந்து விலகினார். புது நீதிபதி முன்னால் லொரென்சோ எழுந்து, "நாங்க குடிச்சுட்டோம்" என்றார். அந்த நீதிபதி சிரிக்கவில்லை, ஆனால் எழுதிக்கொண்டார். எட்டு மாதம் கொடுத்தார். வெளியே வந்த கிமியோ, இக்னாசியோவோடுதான் மீன் பிடிக்கப் போனான்.

அன்று கசியானோ அந்தச் சக்காவை வாங்கிக்கொண்டிருந்தால், மகன் வெளியே வந்தும் லொரென்சோ வீட்டு வழியாக நடந்திருக்க முடியாது. இதைப் பெர்லீனா இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லுவாள். நன்றி சொல்லப் போகத்தான் அவர் ஓய்வுபெறும்வரை பொறுத்திருந்தாள். தன் தோட்டத்துக் கிழங்கில் பெரியதாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

"கோர்ட்டுல ஏதும் வழக்கு இருக்காம்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப உள்ள வாங்க."

கசியானோவுக்கு இப்போது எண்பத்தோரு வயது. கிட்டியில் மூத்த மகள் வீட்டில் இருக்கிறார். இடது காது கேட்காது, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறார்.