கண் திறந்திருக்க ஒரு ஆள்

கறுப்பு ரப்பர் செருப்பு. இடது கால் வார் பிய்ந்துபோய் அடியில் ஓர் ஊக்கு குத்தியிருக்கும். வலது கால் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தியான மண்டபத்து வாசலில் மற்ற செருப்பெல்லாம் போன பிறகு அது மட்டும் கிடந்தது. கம்பவுண்டர் அண்ணாச்சியின் செருப்பு. நான் பார்த்தேன். கோணலாகக் கிடந்ததை நேராக்கி வைத்தேன். வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டேன்.

ராஜபாளையம் ரோட்டில் ஒரு டாக்டரிடம் அவர் கம்பவுண்டராக இருந்தார். எங்கள் தெருக்காரர்களுக்கு டாக்டரின் முகத்தைவிட அவர் முகம்தான் பழக்கம். நான் விசைத்தறிக் கூடத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றினேன். என் வீட்டுக்காரர் அதே கூடத்தில் தறி ஓட்டினார். எங்கள் மகள் நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் அவள் வந்து நிற்பாள். தூக்க மாத்திரைக்கு மூன்றாம் தடவை போனபோது டாக்டர் எழுதிய சீட்டை அண்ணாச்சி வாங்கிப் பார்த்துவிட்டு, "மாத்திரைதான் தூங்குது போல. நீ தூங்குத மாதிரி தெரியலியேம்மா" என்றார். மாத்திரையைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சும்மா உக்கார நம்ம வீட்டுல எடமில்லையாக்கும்?" என்றார். தறிச் சத்தத்தில் காது மந்தமானவர், அவருக்கு மெதுவாகப் பேச வராது. தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். நான் போனேன்.

அவர் வீட்டு முன்னறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். கோரைப்பாய் விரித்திருந்தது. சாமி படம், ஊதுவத்தி, பாட்டு எதுவும் கிடையாது. வடக்கே எங்கேயோ ஒரு பெரியவர் இந்த முறையைத் தொடங்கியிருந்தார். அண்ணாச்சி லீவு போட்டு ரயிலேறிப் போய் அவர் முன்னால் நாலு நாள் உட்கார்ந்துவிட்டு வந்தவர். ஊருக்குப் போய் நாலு பேரோடு உட்காரும் என்று பெரியவர் சொன்னதுதான் உத்தரவு. மாதம் ஒரு இன்லண்டு கடிதம் வரும். அதைப் படித்துக் காட்டுவார். என் படத்தை மாட்டாதீர்கள் என்று ஒரு கடிதத்தில் இருந்தது. அதனால் அந்தச் சுவரில் காலண்டர் மட்டும்தான். உட்கார்ந்ததும் "ஆரம்பிக்கலாம்" என்பார். கண்ணை மூடி நெஞ்சைக் கவனிக்க வேண்டும். முடிந்ததும் "போதும்" என்பார். அவ்வளவுதான் போதனை. முதுகு வலிக்கிறது, கால் மரத்துப்போகிறது என்று யாராவது சொன்னால், "அம்பாளே ஒத்தக் கால்ல நின்னு தவசு இருந்த ஊருவே இது. சம்மணம் போட்டு உக்கார ஒமக்கு என்ன கேடு?" என்று சிரிப்பார். அண்ணாச்சி வீட்டு மதினி டீ கொண்டுவருவார்கள். குடித்துவிட்டு அவரவர் வேலைக்குப் போவோம்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது ஒருவர் மட்டும் மூடக்கூடாது. சுவரோரம் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காவல் முறை என்று பேர். வாரம் ஒருவர். பெரியவர் சொன்னதில்லை அது. அண்ணாச்சியாக வைத்தது. திருவேங்கடத்திலிருந்து பஸ்ஸில் வரும், விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி, சர்க்கரை வியாதிக்காரர், வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்து அப்படியே மயங்கிப்போனாராம். பக்கத்தில் இருந்தவர்கள் தியானம் நன்றாகக் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி தற்செயலாகக் கண் திறந்ததால் சீனியைக் கரைத்து வாயில் ஊற்றி எழுப்பினார். அதிலிருந்து காவல் முறை. "கண்ணு மூடுனவனுக்கு, கண்ணு தொறந்திருக்க ஒரு ஆளு வேணும்" என்பார். மருந்து கொடுக்கிறவர் பேச்சு அது.

எனக்குக் கண்ணை மூட முடியவில்லை என்று இரண்டாம் வாரமே சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அப்படியானால் நீ காவலுக்கு இரு என்றார். மற்றவர்களுக்குக் காவல் என்றால் ஒரு வாரம் வீணான மாதிரி. எனக்கு அது பிடித்திருந்தது. தறிக்கூடத்தில் நூல் அறுகிறதா என்று பார்த்துப் பழகிய கண். அவர் ஒன்றே ஒன்று சொல்லிக் கொடுத்தார். "மொகத்தப் பாக்காத. கையப் பாரு. மொகம் நடிக்கும், கை நடிக்காது." நான் கைகளைப் பார்த்தேன். கடைக்காரர் கை, வாத்தியார் கை, திருவேங்கடத்துச் சம்சாரியின் கரிசல் ஏறிய கை. எல்லாம் மடியில் கிடக்கும். மூச்சுக்குத் தக்கபடி கொஞ்சம் எழுந்து தாழும். ஆறேழு மாதம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவர், இன்றைக்கு நான் காவல், நீ மூடு என்றார். மூடினேன். மகள் வந்து நின்றாள். நின்றுவிட்டுப் போனாள். அன்றைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்து தூங்கினேன். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

பெரியவர் காலமானார். கடிதம் நின்றது. அவருக்குப் பிறகு வந்தவர் பேச்சு கேசட்டில் வந்தது. அடுத்து புத்தகம் வந்தது, அடுத்து பெரியவரின் படம் வந்தது. அண்ணாச்சி அந்தப் படத்தைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார், மாட்டவில்லை. ஆள் பெருகியது. வாசுதேவநல்லூர், ராயகிரிப் பக்கமிருந்தெல்லாம் வந்தார்கள். முன்னறை போதவில்லை, ரோட்டில் செருப்பு கிடந்தது. ஊருக்கு வெளியே மண்டபம் கட்டினார்கள். நல்ல மண்டபம்தான். காற்று வரும். நாற்காலி இருந்ததால் என் வீட்டுக்காரர்கூட வந்து உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் குடியையும் விட்டார். அதை நான் மறைக்கக்கூடாது. தறிக்கூடம் மூடிய பிறகு மண்டபத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலையை நானாகக் கேட்டு எடுத்துக்கொண்டேன். அங்கே அண்ணாச்சிதான் "ஆரம்பிக்கலாம்", "போதும்" சொன்னார். காவல் முறையும் நடந்தது. எல்லோரும் போய், கடைசியாகத்தான் அவர் செருப்பை மாட்டுவார்.

பிறகு எல்லாம் செல்போனுக்கு வந்தது. தலைமையிடத்திலிருந்து ஒரு குரலைப் பதிவு செய்து அனுப்பினார்கள். அதுதான் ஆரம்பிக்கும், அதுதான் முடிக்கும். எல்லா ஊரிலும் ஒரே குரல். எத்தனை நாள் விடாமல் உட்கார்ந்தோம் என்று போனே சொல்லும். சொல்லிக் கொடுக்கிறவர்கள் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றார்கள். அண்ணாச்சி எழுதவில்லை. ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு தம்பியை வைத்தார்கள். ஆபீஸ் உத்தியோகம். நல்ல பையன், யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசமாட்டான். அவன் ஒரு கூட்டம் போட்டு, இனி யாரும் யாரையும் தொட்டு எழுப்பக்கூடாது, குரல் முடிந்த பிறகு உட்கார்ந்திருக்கிறவர்கள் இருக்கட்டும், மற்றவர்கள் சத்தமில்லாமல் எழுந்து போய்விட வேண்டும் என்றான். காவல் முறையும் வேண்டாம் என்றான். அண்ணாச்சி கை தூக்கினார். மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம், அது ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள் என்று கேட்டார். தம்பி சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி, அது குருவ நம்பாத மாதிரில்லா இருக்கு?" என்றான். அண்ணாச்சி "சரி" என்று உட்கார்ந்துவிட்டார்.

காவல் இருந்தவர்களிலேயே அதிக நாள் இருந்தவள் நான். அன்றைக்கு நான் முன்னால் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விளக்குமாற்றோடு கதவுப் பக்கம் நின்றேன். சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் அண்ணாச்சி ஒரு ஞாயிறு தவறாமல் வந்தார். கடைசி வரிசையில் தூணோரம் தரையில் உட்காருவார். பழைய ஆட்கள் ஒன்றிரண்டு பேர் மண்டபத்தைக் குறை சொல்லிப் பேச்செடுத்தால் எழுந்துவிடுவார். ஆனால் அவர் கண்ணை மூடுவதில்லை. பெருக்குகிறவளுக்குத் தெரியும். தூணோரம் இருந்து எல்லோருடைய கையையும் பார்த்துக்கொண்டிருப்பார். எழுபது தாண்டிய வயதில், யாரும் கொடுக்காத முறையை அவரே எடுத்துக்கொண்டார். அவருக்குக் காவல் யார் என்று நான் யோசிக்கவில்லை.

அந்த ஞாயிறு மார்கழிக் குளிர். குரல் முடிந்தது. ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். நான் வாசலில் தண்ணீர் தெளித்தேன். அண்ணாச்சி செருப்பு மட்டும் கிடந்தது. ஜன்னல் வழியே அவர் முதுகு தெரிந்தது. தூணில் சாய்ந்திருந்தார். இன்றைக்காவது கண்ணை மூடினாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படித்தான் நினைத்தேன். தம்பி உள்ளே போய்ப் பக்கவாட்டில் நின்று, போனில் ஒரு படம் எடுத்தான். "எழுப்பிராதீங்கம்மா. ஆழ்நிலைல இருக்காக" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். நான் வாளியைக் கழுவினேன். கோலம் போட்டேன். செடிக்குத் தண்ணீர் விட்டேன். வெயில் வாசற்படிக்கு வந்துவிட்டது. செருப்பு அப்படியே இருந்தது. பிறகுதான் உள்ளே போனேன். முன்பக்கமாக வந்து கையைப் பார்த்தேன். வலது கை மடியில் இல்லை. தரையில் மல்லாந்து கிடந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று அங்கே சொன்னார்கள். கோலம் போட்ட நேரம் அது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்காரர் தன் போனை நீட்டினார். தம்பி எடுத்த படம் மண்டபத்துப் போன் குழுவில் வந்திருந்தது. எல்லோரும் அனுப்பிய கும்பிட்ட கைகள் கீழே வரிசையாக இருந்தன. படத்தில் அந்த வலது கை தரையில் கிடப்பது நன்றாகத் தெரிந்தது. யாரும் கையைப் பார்க்கவில்லை.

ஏழாம் நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருக்குப் பேச்சு இல்லை. கண் மட்டும் திறந்திருந்தது. மதினி என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்கள். "ஒரு பொட்டுத் தூங்க மாட்டேங்காக. யாரையோ காவல் காக்க மாதிரி முழிச்சே கெடக்காக." செருப்பை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். மண்டபத்திலேயே கிடந்ததை மதினியிடம் கொடுக்கத்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டே அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். "அண்ணாச்சி, நான் இருக்கேன். நான் பாத்துக்கிடுதேன். நீங்க கண்ண மூடுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். என்னை நம்பலாமா என்று பார்த்தாரோ என்னவோ. பிறகு மூடினார். நான் அவர் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சுக்குத் தக்கபடி எழுந்து தாழ்ந்தது. மதினி சாப்பிட்டுவிட்டு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்துப் போய்விட்டார்.

இப்போது மண்டபத்தில் பெரியவர் படத்துக்குப் பக்கத்தில் அண்ணாச்சி படமும் இருக்கிறது. தம்பி எடுத்ததுதான். கைக்கு மேலேயே வெட்டி, முகத்தை மட்டும் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். தியானத்திலேயே உயிர் பிரிந்தவர் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறார்கள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்று தம்பியிடம் ஒரு தடவை சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நல்லபடியாத்தானம்மா சொல்லுதோம்" என்றான். அவனுக்கும் அது உள்ளே இருக்கிறது. அதனால் நான் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ராயகிரியிலிருந்து வரும் ஒரு பெண் அந்தப் படத்துக்கு வாராவாரம் பூ வைக்கச் சொல்லி என்னிடம் கொடுக்கிறாள். வைக்கிறேன்.

செருப்பை மதினியிடம் நான் கொடுக்கவேயில்லை. கொடுக்க மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போகிறேன். யாரும் வருவதற்கு முன்னால் வாசலில் ஓரமாக வைப்பேன். பிறகு உள்ளே போய்த் தூணோரம் உட்காருவேன். குரல் கண்ணை மூடச் சொல்லும். நான் மூடுவதில்லை. அறுபது எழுபது பேர் கை மடியில் கிடக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். குரல் முடிந்த பிறகும் உட்கார்ந்திருப்பவர்கள் பக்கத்தில் போய் நிற்பேன். சந்தேகமாக இருந்தால் தோளைத் தொட்டுவிடுவேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். தம்பி பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் போவார்கள். வாசலில் ஒரு ஜோடி கிடக்கும், ஊக்கு குத்தினது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கதவைப் பூட்டுவேன்.